எதிர்த்து நிற்க ஆளில்லையாம்!

தோழரே!

தேர்தல் காலத்திலே, ஏட்டின் ஒரு மூலையில், சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு செய்தி அச்சாகிறது. "இன்ன ஊராட்சியின் தலைவர் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்." அவ்வளவுதான் செய்தி. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அவர் நமக்கு வேண்டியவராக இருந்துவிட்டாலோ, மாலை வாங்க ஆள் அனுப்புகிறோம், வெடி வெடிக்கிறோம், "எதிரிகளே இல்லாத ஏந்தல்" என்று சுவரொட்டி அடித்து, ஊர் எல்லையிலே ஒட்டி மகிழ்கிறோம். எதிர்த்து நிற்க ஆளில்லையாம்! எவ்வளவு பெரிய செல்வாக்கு, எவ்வளவு பெரிய வெற்றி என்று நாமே நம்மைத் தட்டிக் கொடுத்துக் கொள்கிறோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வாக இருப்பீர்கள். அந்தச் சிறு செய்தியைப் புரட்டாமல், சற்றே நிறுத்திப் படித்துப் பார்ப்போம், வாருங்கள். வென்றவர் யார் என்று தெரிகிறது. தோற்றவர் யார்? அதுதான் என் கேள்வி.

விழுப்புரம் மாவட்டத்தை எடுத்துக் கொள்வோம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னர், 13 ஊராட்சி ஒன்றியங்களும் 688 ஊராட்சிகளும் கொண்ட மாவட்டம் இது. செஞ்சிக் கோட்டையின் அடிவாரம் முதல் மரக்காணத்து உப்பளம் வரை, திருவெண்ணெய்நல்லூர்க் கரும்புக் காடு முதல் திண்டிவனத்து மணிலாக் கொல்லை வரை விரிந்து கிடக்கும் மண். மறுசீரமைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்றாக, 2021 அக்டோபர் 6, 9 ஆகிய இரு நாள்களில் இங்கே ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபருடன் நிறைவெய்துவது.

சிற்றூர் வாக்காளர் சாவடிக்குள் நுழையும்போது அவர் கையிலே நான்கு வாக்குச் சீட்டுகள் தரப்பட வேண்டும். வார்டு உறுப்பினருக்கு ஒன்று. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பில் ஒன்று. ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சையில் ஒன்று. மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சளில் ஒன்று. தலைவர் போட்டியின்றி வந்துவிட்ட ஊரிலே, அந்த இளஞ்சிவப்புச் சீட்டு மட்டும் இல்லை! தொலைவிலே இருக்கிற மாவட்ட ஊராட்சியைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள். தன் வீட்டு வாசலிலே எரியாத விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற மூதாட்டி, "அந்த ரோசாச் சீட்டு எங்கே ஐயா?" என்று கேட்டால், "அது முடிந்து போயிற்று, பாட்டி" என்பதுதான் விடை. எங்கே முடிந்தது? எப்போது முடிந்தது? யார் முடித்தார்கள்? அதைப் பாட்டியிடம் யாரும் சொல்வதில்லை.

ஏதோ ஓரிரு ஊர்களிலே நடக்கும் விந்தை என்று எண்ணிவிடாதீர்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மொத்தப் பதவிகள் 91,975. அவற்றில் 18,000க்கும் மேற்பட்டவை போட்டியின்றி நிரப்பப்பட்டன. ஏறத்தாழ ஐந்திலே ஒரு பங்கு! பெரும்பாலானவை சில நூறு வாக்காளர்களே கொண்ட சிறு வார்டுகள் என்பது உண்மை. அங்கெல்லாம் சூழ்ச்சி நடந்தது என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது அநியாயம். ஆனால், நானூறுக்கும் மேற்பட்ட ஊராட்சித் தலைவர்களும் அந்தக் கணக்கிலே அடங்குவர். அத்தனை ஊர்களிலும் இரண்டாவதாக ஒருவருக்குக் கூடத் தலைவராகும் எண்ணம் எழவில்லை என்று நம்பச் சொன்னால், நம்புவதற்கு நாம் என்ன பால் குடிக்கும் பிள்ளைகளா?

அதுவும் எந்த மண்ணிலே? 2024 ஜூலை 10 அன்று இதே மாவட்டத்து விக்கிரவாண்டித் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, களத்திலே நின்றவர்கள் 29 பேர். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 82க்கு மேல். அரசியலில் அக்கறை இல்லாத மக்களா இவர்கள்? தேநீர்க் கடையிலே நாளேட்டை நான்காகப் பிரித்து நால்வர் படித்து, நாடாளுமன்றம் வரை அலசி எடுக்கிற மக்கள் அல்லவா! சட்டமன்றத்துக்கு 29 பேர் முந்துகிற மண்ணிலே, ஊராட்சித் தலைமைக்கு ஒரே ஒரு பெயர்தான் என்றால், மற்றப் பெயர்கள் எங்கே போயின?

மூன்று வழிகளிலே போகின்றன, தோழரே. சில, பணத்திலே போகின்றன. சில, அச்சத்திலே போகின்றன. இன்னும் சில, நம்முடைய அலட்சியத்திலே போகின்றன.

முதலில் பணம். 2019 டிசம்பரில், நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 இலட்ச ரூபாய்க்கும் துணைத் தலைவர் பதவி 15 இலட்ச ரூபாய்க்கும் ஏலம் போனதாகச் செய்தி வெளியாகி நாட்டையே திகைக்க வைத்தது. 2021 தேர்தலின்போது நம் செஞ்சிப் பக்கத்திலும் ஓர் ஊராட்சித் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வந்தது. பதவியை ஏலம் விடுவது சட்டவிரோதம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது.

தலைவர் பதவியை ஏலம் கேட்பது ஏன் என்பது விளங்குகிறது. துணைத் தலைவர் பதவிக்கு ஏன் 15 இலட்சம்? துணைத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருக்க, தேர்தலுக்கு முன்னரே அந்தப் பதவிக்கு ஏன் விலை? ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவரது கையொப்பமும் வேண்டும்! ஒருவரை ஒருவர் கவனிக்கட்டும், ஒரு கை தவறினால் மறு கை தடுக்கட்டும் என்று சட்டம் இரண்டு பூட்டுப் போட்டது. ஏலம் எடுத்தவர்கள் அந்த இரண்டு சாவியையும் ஒரே சந்தையிலே விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள். துணைத் தலைவர் பதவி விலை போக வேண்டுமானால், வார்டு உறுப்பினர்களும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஆக, விற்கப்படுவது ஒரு நாற்காலி என்று எண்ணாதீர்கள். ஊராட்சி மன்றமே மொத்தமாக விலை போகிறது.

"பணம் கோயிலுக்குத்தானே போகிறது? ஊருக்குத்தானே பயன்?" என்பார்கள். ஐம்பது இலட்சம் கொடுத்தவர் அதை எங்கிருந்து மீட்பார்? தலைவருக்குச் சம்பளமா கொட்டிக் கிடக்கிறது? சாலையிலே கொட்ட வேண்டிய சல்லியிலிருந்து மீட்பார். தெருவிளக்கின் கம்பியிலிருந்து மீட்பார். குடிநீர்க் குழாயின் துருவிலிருந்து மீட்பார். கோபுரத்துக்குச் சுண்ணாம்பு பூசிய காசு, குடிசைக்குப் போக வேண்டிய காசு. கொடுத்தவர் அவராக இருக்கலாம். செலுத்தப் போகிறவர்கள் நாம்.

அடுத்து அச்சம். அமெரிக்க நாட்டைப் பாருங்கள். அங்கே மாவட்டங்களுக்கு 'கவுண்டி' என்று பெயர். அநேகமாக ஒவ்வொரு கவுண்டியிலும் காவல் தலைவராக 'ஷெரீப்' என்றொருவர். பெரும்பாலான மாநிலங்களில் அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சென்னை மாநகருக்கும் ஷெரீப் என்றொரு பதவி இருந்தது, அது வரவேற்புக்கும் விருந்துக்கும் உரிய வெறும் கௌரவம், 1998இல் ஒழிக்கப்பட்டது. அமெரிக்க ஷெரீப் அப்படிப்பட்டவர் அல்லர். கைது செய்யும் அதிகாரமும் கவுண்டிச் சிறையின் சாவியும் அவர் கையிலே. ஆனால், சிறிய கவுண்டிகள் பலவற்றில் அந்தத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே வருவதில்லை. இருப்பவரே மீண்டும் மீண்டும் வருகிறார். ஏன்? அந்த வேலைக்கான பயிற்சி உள்ளவர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழேயே பணியாற்றுகிறவர்கள். எதிர்த்து நின்று தோற்றால், மறுநாள் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! வேலை போனாலும் போகும். ஆகவே வாய் மூடுகிறது. வெளியிலே அது 'ஒருமனதான ஆதரவு' என்று தெரிகிறது.

செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் சிற்றூரின் நிலை என்ன? தலைவர் கையிலே சிறைச் சாவி இல்லை. ஆனால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் திருகு, அவர் சொல்லுக்குத் திரும்புகிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்தக் கம்பத்திலே விளக்கு, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை, எவருடைய வீட்டு வரி இரசீது உடனே, எவருடையது இழுத்தடித்து என்பதெல்லாம் அவர் நிழலிலே நடக்கிறது. அவர் நிலத்திலே கூலிக்குப் போகிறவர், அவரிடம் கைமாற்று வாங்கியவர், அவர் தயவிலே பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர், இவர்களிலே யார் எழுந்து, "நானும் நிற்கிறேன்" என்று சொல்வார்? சொல்லாத காரணத்தால், அவர்கள் ஒப்புக் கொண்டார்கள் என்று ஆகிவிடுமா? ஊமையாக்கப்பட்டவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக் கொள்வது எந்த ஊர் நீதி?

அச்சத்துக்குச் சாதி துணை நிற்கும்போது என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு இரத்தத்திலே எழுதி வைத்திருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைமை 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே சனநாயகம் நுழைய முடியவில்லை. மனுச் செய்ய ஆளில்லை. அல்லது, ஆதிக்கக்காரர்கள் நிறுத்திய ஒருவர் வருவார், பதவி ஏற்பார், ஏற்ற கையோடு விலகுவார்! 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களிலே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவிலோ, அச்சுறுத்தலை மீறித் தேர்தலில் நின்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று, தம்முடன் இருந்த ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு வேட்புமனுவின் விலை ஆறு உயிர்! அதனால்தான் சொல்கிறேன்: "ஊரே ஒருமனதாக" என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் கை தட்டிவிடாதீர்கள். ஊர் என்று சொல்லும்போது, காலனி அதிலே சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள்.

மறுப்பவர் உண்டு, அவர்கள் வாதத்தையும் மதித்துக் கேட்போம். "போட்டி வந்தால் பகை வரும். அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தை அற்றுப் போவார்கள். தேர்தல் முடிந்து ஆண்டுக் கணக்கிலே கோயில் திருவிழா நின்று போகும். பணம் ஆறாய் ஓடும். நல்லவர் ஒருவரைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்தால் என்ன குடி முழுகிப் போயிற்று?" என்கிறார்கள். பொய்யான வாதம் அன்று இது. ஊராட்சித் தேர்தலால் பிரிந்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

ஆனால், எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 50 செ.மீ. மழை பெய்தது. ஏரி உடைந்து, வீட்டுக்குள்ளே வெள்ளம் புகுந்து, அடுப்பு மூழ்கிக் கிடக்கிற அந்த நேரத்திலே, சிற்றூர் மனிதன் முதலில் யாரைத் தேடுவான்? ஊராட்சித் தலைவரைத்தான். அந்தத் தலைவர் தன் வாக்கைக் கேட்டு, தன் குடிசை வாசலிலே ஒரு நாளாவது வந்து நின்றவராக இருந்தால், "ஐயா, எங்கள் தெருவுக்கு வரவில்லையே" என்று உரிமையோடு குரல் கொடுப்பான். போட்டியின்றி வந்தவர் அந்தத் தெருவுக்குள்ளே வந்ததே இல்லை. வரவேண்டிய தேவையும் அவருக்கு நேர்ந்ததில்லை. யாரிடம் உரிமையோடு கேட்பது? தேர்தலின் பயன் வெற்றி தோல்வியோடு முடிந்துவிடுவதில்லை. கை கூப்பிக் கொண்டு எல்லாத் தெருவுக்கும் போயாக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. அந்தக் கட்டாயம்தான் ஏழையின் சொத்து.

பகையைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. போட்டியை ஒழித்தால் பகை ஒழிவதில்லை. அது உள்ளே புழுங்கும். வாக்குச் சாவடியின் மறைப்புக்குப் பின்னே நின்று, எவரும் பாராமல், மனத்திலே உள்ளதை முத்திரையாகக் குத்திவிட்டு வருகிறான் ஒருவன். அந்த ஒரு நொடியிலே அவன் எவருக்கும் அடிமை இல்லை. அந்த மறைவான நொடி, மந்தையிலே நடக்கும் கூட்டத்தில் அவனுக்குக் கிடைக்குமா? அங்கே பேசினால் எல்லார்க்கும் தெரியும். பேசாவிட்டால் சம்மதம் என்று எழுதுவார்கள்.

போட்டி என்ன தரும் என்பதற்கு நம் மண்ணின் வரலாறே சான்று. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். விடுதலை வாங்கித் தந்த காங்கிரஸ் கட்சி, ஆலமரமாய் நின்ற காலம். அந்த நேரத்திலே இந்தத் தென்னார்க்காட்டு மண், "பெரியவர்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்று வாளா இருக்கவில்லை. எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி களத்திலே இறங்கியது. சட்டமன்றத்தில் 19 இடங்களை வென்றது. விளைவு? 1954இல் காமராசர் அமைச்சரவை அமைத்தபோது, படையாட்சியாருக்கு அதிலே இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்த துறையும் உள்ளாட்சித் துறையே! அந்தக் கட்சியின் போக்கை ஒப்புவோரும் உண்டு, ஒப்பாதோரும் உண்டு. அது வேறு வழக்கு. போட்டியிட்டதால் ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் கோட்டை வரை கேட்டது என்பதை யார் மறுப்பார்?

போட்டியின்மை என்ன செய்யும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திரா என்ற வணிகரின் நிறுவனங்களிலே முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தில், சாக்ளா விசாரணைக்குப் பின்னர், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நான்காண்டு கழித்து, 1962 தேர்தலில் திருச்செந்தூரிலிருந்து நாடாளுமன்றத்துக்கு மீண்டார். எப்படி? போட்டியின்றி! அவர் குற்றமற்றவர் என்று மக்கள் தீர்ப்பளித்திருக்கலாம். குற்றமுடையவர் என்றும் தீர்ப்பளித்திருக்கலாம். இரண்டுக்கும் இடமில்லாமற் போயிற்று. மக்கள் மன்றத்திலே வழக்குரைத்து விடுதலை பெறும் பெருமையை அவரும் இழந்தார். ஆம், தோழரே, போட்டியின்மையால் வென்றவருக்கும் இழப்பு உண்டு. கேள்வியே கேட்காத தேர்விலே நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனின் பெருமை, எத்தகைய பெருமை?

அண்மைக் காலத்துக்கு வாருங்கள். 2024 ஏப்ரலில், குசராத்தின் சூரத்து நாடாளுமன்றத் தொகுதியில், முன்மொழிந்தவர்களின் கையொப்பச் சிக்கலால் எதிர்க்கட்சி வேட்பாளரின் மனுத் தள்ளப்பட்டது, மற்றவர்களும் விலகிக் கொண்டனர், ஒருவரே எஞ்சினார், வென்றதாக அறிவிக்கப்பட்டார். 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஒருவர் கூட விரல் நீட்டவில்லை. "எவரும் வேண்டாம்" என்று பதியும் உரிமை 2013 முதல் இருக்கிறதே, அதையாவது பயன்படுத்த முடிந்ததா? தேர்தலே இல்லாதபோது அது ஏது? ஒருவரே நின்றாலும் குறைந்த அளவு வாக்கையாவது அவர் பெற வேண்டும் என்று விதி செய்யலாகாதா என்று, இது பற்றிய வழக்கிலே 2025இல் உச்சநீதிமன்றமே கேட்டது. அதே குசராத்தில், போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளுக்கு ஊக்கத் தொகை தரும் திட்டம் 2001 முதல் வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மௌனத்துக்குப் பரிசு!

பழம்பெருமை பேசுவோர் உத்தரமேரூருக்கு ஓடுவர். திண்டிவனத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லை, போய்ப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலே இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அது பார்ப்பனச் சபையாரின் முறை. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதிலே பங்கில்லை. அதை மறைத்துப் பெருமை பேச நாம் ஆயத்தமாக இல்லை. ஆயினும், அந்தக் கல்லிலே ஒரு விதி இருக்கிறது. வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படலாகாது! அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரும் ஆகாது! பதவியில் இருந்தவர் மீண்டும் வர வேண்டுமானால், முதலில் கணக்கு, பிறகே பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லிலே வெட்டிய விதி, இன்று மந்தையிலே கூடி முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறதா?

அப்படியானால், உண்மையான ஒருமனம் என்பதே கிடையாதா? உண்டு. நல்லவர் ஒருவர், ஐந்தாண்டு நாணயமாக உழைத்தவர், மாற்றார் கூட மதிப்பவர், அவரை எதிர்க்க எவருக்கும் மனம் வராமல் இருக்கலாம். அத்தகையோர் இந்த மாவட்டத்திலும் இருக்கக் கூடும். அவர்களுக்குத் தலை வணங்குவோம். பொன்னையும் பித்தளையையும் பிரித்தறிய உரைகல் வேண்டும். இதோ ஐந்து கேள்விகள். முடிவெடுத்த கூட்டம் எங்கே நடந்தது. காலனி மக்கள் சமமாய் உட்காரக் கூடிய இடத்திலா? பெண்கள் அங்கே இருந்தார்களா, இருந்தால் பேசினார்களா? எவருக்கேனும் பணம் கை மாறியதா? மனுச் செய்ய நினைத்த எவரையேனும் தடுத்தார்களா, அல்லது மனுவைத் திரும்பப் பெறச் செய்தார்களா? கடந்த ஐந்தாண்டு வரவு செலவு, கிராம சபையிலே படிக்கப்பட்டதா? ஐந்துக்கும் நேர்மையான விடை கிடைத்தால், போய் மாலை போடுங்கள், நானும் வருகிறேன்.

இனி, நம் பக்கம் திரும்புவோம். பிறரைச் சாடிவிட்டு நழுவுவது எளிது. மூன்றாவது வழி நம் அலட்சியம் என்றேனே! ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டுத் தேர்தலும் கட்சிச் சின்னத்திலே நடப்பதில்லை. அதனாலேயே அங்கே நமக்குப் பொறுப்பு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் இடம் கேட்டு விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் நடையாய் நடக்கிற நாம், சொந்த ஊரின் வேட்புமனு அறையிலே எட்டிப் பார்ப்பதில்லை. சில நேரங்களில் அதைவிடக் கொடிது செய்கிறோம். ஊர்ப் பெரிய மனிதர் நம் பக்கம் சாய்வார் என்பதற்காக, எதிர்த்து நிற்கத் துணிந்த நம் இளைஞனையே அழைத்து, "தம்பி, இந்த முறை விட்டுக் கொடு" என்று தோளைத் தட்டி அனுப்புகிறோம். அவன் விட்டுக் கொடுத்தது தன் மனுவை மட்டுமா? அவன் தெருவின் கேள்வியை! கொடி பிடிக்க அவன் வேண்டும். மனுச் செய்ய அவன் வேண்டாமா?

மனுச் செய்வது மலையைப் புரட்டும் வேலை அன்று. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலிலே பெயர் இருக்க வேண்டும். கடந்த தேர்தல்களிலே தலைவர் பதவிக்கு வைப்புத் தொகை 600 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 300 ரூபாய். ஐம்பது இலட்சத்தை எதிர்த்து நிற்க முந்நூறு ரூபாய் போதும் என்பதுதான் சட்டம் ஏழைக்குக் கொடுத்த வாள். அந்த வாளை உறையிலேயே துருப்பிடிக்க விட்டவர்கள் யார்?

ஆகவே, தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராதீர்கள். உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலை இப்போதே படியுங்கள்; விடுபட்ட பெயர்களைச் சேர்க்கச் செய்யுங்கள். ஒதுக்கீட்டுப்படி பெண்ணுக்குரிய ஊராட்சியானால், கணவனின் கையெழுத்துக்காகக் காத்திராத பெண்ணைத் தேடுங்கள். தாழ்த்தப்பட்டோருக்குரியதானால், ஆதிக்கக்காரரின் பண்ணையாள் அல்லாத ஒருவரைத் தேடுங்கள். மனுவை நிரப்பத் துணை நில்லுங்கள். தாக்கல் செய்யும்போது உடன் செல்லுங்கள். திரும்பப் பெறும் நாள் மாலை மூன்று மணி வரை அவரோடு இருங்கள். மனுக்கள் மறைவது பெரும்பாலும் அந்த நாளிலேதான்! ஏலம் என்று கேள்விப்பட்டால், தேநீர்க் கடையிலே பேசிக் கலையாமல், ஆட்சியருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்திலே கொடுங்கள். நிற்பவர் தோற்கலாம். தோற்கட்டும்! நாற்பது வாக்கு வாங்கித் தோற்றவர், நாற்பது பேர் உடன்படவில்லை என்பதை ஊருக்கு எழுதிக் காட்டிய வெற்றியாளர்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவரே எஞ்சினால்? அப்போதும் வாயில் அடைபடவில்லை. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022இல் ஆறாயின. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்தாண்டிலே முப்பது நாள்கள்! தேர்தல் நாளிலே கேட்க முடியாத கேள்வியை, இந்த முப்பது நாள்களிலே கேளுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பெயரும் தொகையுமாகக் கேளுங்கள். விடையைத் தீர்மான ஏட்டிலே எழுதச் செய்யுங்கள். எழுதாத ஏட்டிலே கையொப்பம் இடாதீர்கள்.

அந்தத் தலைவருக்கும் ஒரு சொல். அவர் நம்மவராகவே இருந்தாலும், குறிப்பாக நம்மவராக இருந்தால், இதைச் சொல்லுங்கள்: "ஐயா, வாக்குப் பெற்று வந்தவர் மக்களுக்கு நன்றிக் கடன் பட்டவர். வாக்கே இல்லாமல் வந்த நீங்கள் அதைவிடப் பெரிய கடன்காரர். ஊரின் கேள்விகள் எல்லாம் உங்களிடம் நிலுவையாக நிற்கின்றன. அவற்றைத் தீர்த்த பின்னரே, மீண்டும் நிற்பதைப் பற்றிப் பேசுங்கள்."

தொடக்கத்திலே ஒரு கேள்வி கேட்டேன், தோழரே. போட்டியில்லாத தேர்தலில் வென்றவர் தெரிகிறது. தோற்றவர் யார் என்று. இப்போது விடை தெரிகிறதல்லவா? சாவடியிலே நின்று, "ரோசாச் சீட்டு எங்கே?" என்று கேட்ட அந்த மூதாட்டிதான் தோற்றவர். அடுத்த முறை அந்தச் சீட்டு அவர் கையிலே இருக்க வேண்டும். அதிலே குறைந்தது இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். இரண்டாவது பெயரை எழுத வேண்டிய பொறுப்பு உங்களுடையது.